தூசி புகாத அறை

கல்லங்குறிச்சி,
4.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அறிவரசன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா, ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்தால் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் பேசலாம்தான். ஆனால் புஷ்பவல்லி அத்தை வீட்டுக் கூடத்தில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

பெரிய சேதி ஒன்று. கம்பெனிக்கு நானே சர்வர் போட்டுவிட்டேன். இதுவரை எங்கள் மெயில் எல்லாம் சென்னையில் யாரோ வைத்திருக்கிற மிசினில் போய் விழும். அது படுத்துவிட்டால் இரண்டு நாளைக்கு ஒன்றும் வராது. இப்போது அரியலூர் ஆபீஸிலேயே லினக்ஸ் போட்ட சொந்த மிசின், பி.எஸ்.என்.எல். தனி லைன். கம்பெனியின் மெயிலும் வெப்சைட்டும் உலகத்தில் எவன் கேட்டாலும் நம்ம ஊரிலிருந்து போகிறது. சிமெண்ட் மூட்டை தவிர வேறு எதுவும் இங்கிருந்து வெளியே போய் நான் பார்த்ததில்லை அக்கா.

முதலில் ஒரு மெயிலும் வரவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் கண் எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால், கம்பெனிப் பெயரின் முடிவில் ஒரு புள்ளி வைக்க மறந்திருக்கிறேன். அந்தப் புள்ளி இல்லாமல் மெயில் எல்லாம் இல்லாத விலாசத்தைத் தேடி அலைந்திருக்கிறது. வைத்தேன். மதியத்துக்குள் திருச்சி டீலரின் மெயில் வந்து விழுந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பர்சனல் மேனேஜர் வந்து கை கொடுத்தார். அவர் கேட்ட இரண்டொரு சின்ன வசதிகளையும் செய்து கொடுத்தேன். வேலை சீக்கிரம் நிரந்தரம் ஆகிவிடும் என்கிறார்.

மிசினுக்குத் தனி அறை. ஏசி, இரட்டைக் கதவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், தூசி பட்டால் போச்சு. அப்பா பேக்கிங்கில் மூட்டைக்குச் சிமெண்ட் நிரப்புகிற ஷிப்ட் முடிந்து பார்க்க வந்தார். கண் இமையெல்லாம் சிமெண்ட். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "நான் வந்தா மிசினு கெட்டுப்போயிடும்டா, இப்புடியே பாத்துக்கிறேன்" என்று கண்ணாடிக்கு வெளியே நின்றார். நின்ற இடத்தில் இருமிவிட்டு, கூட வந்த பேக்கிங் அமாவாசை மாமாவிடம் "எம்பையன் ரூம்பு" என்று காட்டினார்.

அந்த இருமல் அப்படியேதான் இருக்கிறது. லீவில் வந்தபோது நீ திருச்சியில் அப்பாவுக்கு எடுத்த எக்ஸ்ரேயை உன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினாயா? இனி நீ மெயிலிலேயே எழுதலாம். விலாசம் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
அறிவு

*

மஸ்கட்,
21.8.2003

அன்புள்ள அறிவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? தைலம் தீர்ந்திருந்தால் எழுது.

உன் கடிதத்தை ஹாஸ்டலில் மலையாளத்துப் பெண்களுக்குக் கூடப் படித்துக் காட்டினேன். அந்தப் புள்ளி விஷயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது. நம் அப்பா பிறந்த காலத்தில் நம் தெரு ஆட்களைக் களத்து மேட்டுக்கு அப்பால் ஏற விடமாட்டார்கள். அவர் மகனுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு மற்றவர்கள் நுழைகிற அறை.

எக்ஸ்ரே பத்திரமாக இருக்கிறது. நெஞ்சு டாக்டர் எகிப்துக்குப் போயிருக்கிறார். வந்ததும் காட்டுகிறேன். திருச்சி டாக்டர் வெறும் சளி என்றது எனக்கு ஒப்பவில்லை. அப்பாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே.

ஒன்று கேட்க வேண்டும். மிசினுக்கு இரட்டைக் கதவு என்றாய். பேக்கிங்கில் என்ன இருக்கிறது? அப்பா மூக்கில் துண்டைத்தான் கட்டிக்கொள்கிறாரா, அல்லது மாஸ்க் கொடுத்திருக்கிறார்களா? கேட்டுச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
மணிமொழி

*

(மின்னஞ்சல். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியது)

9.9.2003

அன்புள்ள அறிவு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தமிழ் எழுத்து இந்த மிசினில் இல்லை, கூட்டிப் படித்துக்கொள். கடிதம் வந்து சேரும்வரை பொறுக்க முடியாத விஷயம். அதனால் மெயில்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பார்த்தவுடன் "இவர் என்ன வேலை செய்கிறார்?" என்றுதான் கேட்டார். இரண்டு நுரையீரலிலும் தூசி படிந்து இறுகிப்போயிருக்கிறது. வலது பக்கம் ரொம்ப மோசம். இது சளி இல்லை. போனது திரும்பி வராது. இன்னும் கெடாமல் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு அவர் பேக்கிங்கை விட்டு உடனே வெளியே வர வேண்டும்.

கவனமாகக் கேள். வேலையால் வந்த நோய் என்று அரசாங்க டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் கம்பெனி தட்ட முடியாது. வைத்தியம் பார்த்தாக வேண்டும், வேறு இடத்தில் வேலை தர வேண்டும். நீ அப்பாவைத் திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பதிந்துவிடு. இந்த டாக்டர் எழுதிய சான்றிதழை ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அமாவாசை மாமாவையும் மற்றவர்களையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல். எல்லாம் கையில் வந்தபிறகு தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் மனு கொடுக்கலாம்.

அதுவரை கம்பெனியில் மூச்சு விடாதே. அப்பா எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. முந்திக்கொண்டால் அவரை வெளியே தள்ளிவிட்டு எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பார்கள்.

உடனே பதில் போடு.

அக்கா

*

கல்லங்குறிச்சி,
2.10.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கே உன் சுகத்துக்கு எழுதவும்.

உன் மெயில் கிடைத்தது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். இனிமேல் ஆபீஸ் விலாசத்துக்கு மெயில் அனுப்ப வேண்டாம். சர்வர் சரியில்லை. எதுவாக இருந்தாலும் பேப்பரில் எழுதி வீட்டு விலாசத்துக்குப் போடு.

அப்பா வீட்டில் ஓய்வில் இருக்கிறார். கம்பெனியில் அவருக்கு ரிட்டையர்மெண்ட் கொடுத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நீ சொன்னபடி அவர் பேக்கிங்கை விட்டு வந்தாகிவிட்டது. என் வேலையும் நிரந்தரம் ஆகிவிட்டது.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அறிவு

*

மஸ்கட்,
20.10.2003

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். அங்கே யாரும் சுகமாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ரிட்டையர்மெண்டா? அப்பாவுக்கு இன்னும் வயது இருக்கிறது. யார் கேட்டார்கள்? அவராகப் போய்க் கேட்டாரா? எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று எழுதினேனே, நீ அவரிடம் சொன்னாயா இல்லையா? பெரியாஸ்பத்திரிக்குப் போனீர்களா? ஆள் மூலம் அனுப்பின சான்றிதழ் வந்து சேர்ந்ததா? கேட்ட எதற்குமே பதில் இல்லை, கடிகாரம் கொடுத்தார்கள் என்று எழுதுகிறாய்.

சர்வர் சரியில்லை என்கிறாய். நம்பாமல் இரண்டு மெயில் அனுப்பிப் பார்த்தேன், வெறும் 'நலமா' என்று. போய்ச் சேரவில்லை என்று ஒன்றும் திரும்பி வரவில்லை. உன் கம்பெனியின் வெப்சைட்டும் திறக்கிறது. அப்பாவின் படத்தைக் கூடப் போட்டிருக்கிறீர்கள், முகமெல்லாம் வெள்ளையாக, சிரித்துக்கொண்டு. சர்வருக்கு ஒன்றும் இல்லை அறிவு. உனக்கு என்ன?

இந்தத் தடவை முழுசாக எழுது.

அக்கா,
மணிமொழி

*

கல்லங்குறிச்சி,
28.12.2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் தீபாவளி வாழ்த்தும் வந்தன. எழுத உட்கார்வேன், எழுந்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முழங்கால் தேவலை. அப்பாவுக்குத்தான் நடந்தால் மூச்சு வாங்குகிறது. கொல்லைக்குப் போய் வரவே அம்மா தோளைப் பிடித்துக்கொள்கிறார். பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது.

நடந்ததைக் கேட்டாய். செப்டம்பரில் என்னைத் திருச்சிக்கு இரண்டு நாள் ட்ரெய்னிங் அனுப்பினார்கள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேனேஜர் அப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இத்தனை வருஷம் உழைத்தது போதும் என்று சொல்லியிருக்கிறார். இங்கிலீஷில் இருந்த தாளில் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். உடம்பு முடியாமல் சொந்த விருப்பத்தில் விலகுவதாகவும், பீடிப் பழக்கத்தால் வந்த நோய் என்றும் அதில் இருந்ததாம். பிறகு அமாவாசை மாமா விசாரித்துச் சொன்னார். அப்பா பீடி குடித்து நீயோ நானோ பார்த்திருக்கிறோமா?

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மேனேசருக்கு எம்மேல எம்புட்டு அக்கற தெரியுமாடா? வலது பக்கந்தான் ரொம்ப மோசமா இருக்காமே கருப்பண்ணன்னு கேக்குறாரு. அது எனக்கே தெரியாது. பெரிய மனுசன்தான்" என்றார்.

நான் எழுந்து சுவர்க் கடிகாரத்தை மாட்ட ஆணி அடித்தேன்.

வேறு விசேஷம் இல்லை.

அறிவு

*

மஸ்கட்,
14.1.2004

அறிவரசனுக்கு,

பொங்கலன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வலது பக்கம் மோசம் என்று எகிப்து டாக்டர் என்னிடம் சொன்னார். நான் அதை இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்கு எழுதினேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்குச் சொல்லவில்லை. திருச்சி டாக்டருக்கும் தெரியாது. அப்புறம் எப்படி அது மேனேஜர் வாயில் வந்தது?

ஒன்று, நீ காட்டியிருக்க வேண்டும். இல்லை, உன் சர்வரில் வருவதை வேறு யாரோ படிக்க வேண்டும். இரண்டில் எது?

பதில் வரும்வரை எனக்கு வேறு எழுத எதுவும் இல்லை.

மணிமொழி

*

அரியலூர்,
2.2.2004

அன்புள்ள அக்கா,

நான் காட்டவில்லை. அப்பா மேல் ஆணையாகக் காட்டவில்லை. ஆனால் படிக்கிற மாதிரி செய்து வைத்தவன் நான்தான்.

போன ஜூலையில் சர்வர் போட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து சொன்னார்: "டெண்டர் விஷயமெல்லாம் வெளிய போகுது அறிவு. வர்ற மெயில், போற மெயில் எல்லாத்துலயும் எனக்கு ஒரு காப்பி விழணும். யாருக்கும் தெரிய வேணாம்." அதற்கு ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். அது வேலை செய்கிறதா என்று என் மெயிலையே அனுப்பிப் பார்த்தேன். அவர் பெட்டியில் போய் அழகாக விழுந்தது. சந்தோஷமாக இருந்தது. நீ என்னை எப்படி நினைத்தாலும் சரி, அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்டிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கணக்குப் பிரிவில் கண்ணகி என்று ஒரு அக்கா. மேனேஜர் தன்னிடம் கண்டபடி பேசுகிறார் என்று மெட்ராஸில் இருக்கிற வீட்டுக்காரருக்கு மெயில் போட்டிருந்தது. அடுத்த வாரமே சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். வெயிலில் தகரக் கொட்டகை. எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துகொண்டேன். சம்பள உயர்வு, நிரந்தரம் என்று எல்லாம் அவர் கையில் இருந்தது.

உன் மெயிலை நான் பார்த்தபோது காலை ஆபீஸ் திறந்த நேரம். அதற்குள் காப்பி அவரிடம் போய்விட்டது. அவர் இன்னும் வரவில்லை. அவர் பெட்டிக்குள் போய் அதை எடுத்துவிட என்னால் முடியும், சாவி என்னிடம்தான். கை வைத்தேன். எடுத்தது தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன், கார் வந்துவிட்டது.

சாயங்காலம் கூப்பிட்டார். "ஒங்க அக்கா நல்லா எழுதுறாங்க அறிவு. கூட்டிப் படிக்கத்தான் கொஞ்சம் நேரமாச்சு" என்றார். சிரித்தார். திருச்சி ட்ரெய்னிங் தாளை நீட்டினார். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை அக்கா, நான் போனேன். போவதற்கு முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்.

அந்த வரி இன்னும் இருக்கிறது. எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்பா இப்போது உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். இதை ஆபீஸ் பக்கத்துத் தபாலாபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுத முடியவில்லை.

அறிவு

*

கல்லங்குறிச்சி,
30.3.2004

அக்காவுக்கு,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அப்பா போன சேதியைப் போனில் சொன்னபோதும் அம்மாவைக் கொடு என்றாய், கொடுத்தேன். லீவு கிடைக்கவில்லை என்று அம்மாதான் சொன்னாள். படிப்பாயோ கிழிப்பாயோ தெரியாது, இருந்தாலும் எழுதுகிறேன்.

கடைசி நாட்களில் அப்பாவால் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. நான் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் கையைக் காட்டிக் கூப்பிடுவார். "ரூம்புல குளுரு... சாஸ்தியா இருக்கும். துண்டப் போத்திக்கிட்டு... ஒக்காரு" என்பார். தினமும் இதுதான். தோளில் துண்டைப் போட்டுக் காட்டினால்தான் விடுவார்.

எடுக்கிற அன்று மேனேஜர் மாலையோடு வந்தார். அம்மா அவரைக் கும்பிட்டாள். அமாவாசை மாமா திரும்பி நின்றுகொண்டார். பேக்கிங் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குப் பின்னால் இருமல் சத்தம். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர். அப்பாவைத் தூக்கிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே போனேன்.

கருமாதி முடிந்து வேலைக்குப் போன அன்று காலையில் முதல் வேலையாக அந்த வரியை எடுத்தேன். பிறகு சர்வரில் இருக்கிற அத்தனை விலாசத்துக்கும் ஒரே மெயில் அனுப்பினேன். டீலர்கள், சென்னை ஆபீஸ், கணக்குப் பிரிவு, சுரங்கம், எல்லாருக்கும். இதுதான் எழுதினேன்:

"போன ஜூலை முதல் உங்களுக்கு வந்ததும் நீங்கள் அனுப்பியதும் ஒன்று விடாமல் பர்சனல் மேனேஜருக்கு நகல் போயிருக்கிறது. அவர் சொல்லி அதைச் செய்தவன் நான். இன்று நிறுத்திவிட்டேன். அறிவரசன், பேக்கிங் கருப்பண்ணன் மகன்."

பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. ஏதோ கணக்குத் தர அன்றைக்கு ஆபீஸுக்கு வந்திருந்த கண்ணகி அக்கா நேரே என் அறைக்கு வந்தது, செருப்பைக் கழற்றவில்லை. "எவனோ படிக்கிறான்னு எனக்கு அப்பவே தெரியும். அது நீதான்னு தெரியாது தம்பி" என்றது. அடித்திருந்தால் தேவலை.

மேனேஜர் கத்தவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு என்னை வெளியே கொண்டுபோய் விடச் சொன்னார். கேட்டைத் தாண்டும்போது, "போலீஸ்ல பாத்துக்கலாம்" என்றார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அறிவு

*

மஸ்கட்,
16.4.2004

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அமாவாசை மாமா பெரம்பலூரிலிருந்து போன் பண்ணிவிட்டார். திங்கட்கிழமை பேக்கிங் ஆட்களோடு கலெக்டரிடம் மனு கொடுக்கப் போனவர், பூத்திலிருந்து பேசினார். பேக்கிங்கில் எக்ஸ்ரே எடுத்தவர்களில் பாதிக்கு மேல் அப்பாவுக்கு இருந்த மாதிரியே இருக்கிறதாம். கண்ணகியும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறதாம். கலெக்டர் விசாரணைக்கு உத்தரவு போட்டிருக்கிறார், அடுத்த மாதம் நடுவில் என்றார்.

கம்பெனி உன் மேல் புகார் கொடுத்திருப்பதையும் சொன்னார். மெயிலை எல்லாம் நீயே உன் இஷ்டத்துக்குத் திருடிப் படித்தாய், மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை, வேலை நிரந்தரம் ஆக வேண்டும் என்று நீயாகத்தான் எடுத்துக் கொடுத்தாய் என்கிறார்களாமே. ஸ்டேஷனில் காலை முதல் சாயங்காலம் வரை உட்காரவைத்ததை நீ எழுதவில்லை. மேனேஜர் வாயால் சொன்னதற்கு உன்னிடம் சாட்சி கிடையாது. அது எனக்குத் தெரியும்.

நான் வருகிறேன். மே பதினொன்றாம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். அப்பா சாவுக்கு லீவு தராதவர்கள் இதற்கும் தரவில்லை, வேலையை விட்டுவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார், நான் என்ன எழுதினேன், எந்தத் தேதியில் எழுதினேன், அதற்குப் பின் எத்தனை நாளில் அப்பாவைக் கூப்பிட்டார்கள் என்று அவர்கள் முன்னால் உட்கார்ந்து சொல்வேன். உனக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பாவுக்காகவும், பின்னால் இருமிக்கொண்டு வந்தவர்களுக்காகவும் வருகிறேன். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பலமுறை படித்துவிட்டேன். கார் வரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன் என்று எழுதினாயே, அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? சொல்லியிருக்கமாட்டாய். மேனேஜரைக் கும்பிட்டாள் என்று எழுதியதிலேயே தெரிகிறது. விசாரணையில் அந்நியன் ஒருவன் வாயிலிருந்து அம்மா அதைக் கேட்கக் கூடாது. நான் வந்து சொல்லும்படியும் வைக்காதே. நீ சொல்.

சாப்பிடாமல் கிடக்காதே.

மணிமொழி

*

கல்லங்குறிச்சி,
30.4.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத முடியாது. உயிரோடு இருக்கிறேன். கிளம்புகிற அலைச்சலில் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். சர்வர், காப்பி என்று ஆரம்பித்தால் அம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கையில் இருந்த தழையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவ எனக்கு எழுதற மாதிரி ஒனக்கு எழுதுனா. அத அந்தாளு பிரிச்சுப் படிச்சான். அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"பிரிக்கிறதுக்கு நீ வழி பண்ணிக் குடுத்த."

"ஆமா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமயே போயிட்டாரு" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். இவ்வளவு நாளும் என்னைத் தெரியாதவள் மாதிரி பார்த்தாள் அக்கா. "அந்தாள நான் கும்புட்டேனேடா. நீ பக்கத்துல நின்ன. கையப் புடிச்சு எறக்கிவிட ஒனக்குத் தோணலியா?"

எழுந்து தழையை எடுத்து மறுபடி போட ஆரம்பித்துவிட்டாள்.

மத்தியானம் சோறு போட்டாள். ராத்திரியும் போட்டாள். தட்டை வைத்துவிட்டு அப்பால் போய்விடுகிறாள். நேற்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பிட வா என்று கூட இல்லை, தட்டு வைக்கிற சத்தம்தான்.

விசாரணையில் நான் மறைக்கப் போவதில்லை. சாட்சி இல்லாவிட்டாலும் அவர் சொன்னதைச் சொல்வேன், நான் செய்ததையும் சொல்வேன். ஜெயில் என்றால் ஜெயில். வக்கீல் வேண்டாம் என்றுதான் இருந்தேன். கண்ணகி அக்காவின் வீட்டுக்காரர் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறாராம். "ஒன்னக் காப்பாத்த இல்ல, நீ உள்ள போயிட்டா அந்தாளு தப்பிச்சிருவான்" என்று அந்த அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறது.

பதினொன்றாம் தேதி நான் ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே, அதற்கு வருகிறேன்.

அம்மாவும் வருகிறாளாம். என்னிடம் சொல்லவில்லை. எனக்குச் சொல்லச் சொல்லி அமாவாசை மாமாவிடம் சொன்னாளாம்.

உன் தம்பி,
அறிவரசன்